கைடில் படம் இல்லாத செல்

ஆசிரியர் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்த சூட்டோடு, என்னிடம் படித்து இப்போது பாடம் நடத்துகிற நீங்கள் மூன்று பேரும் ஒரே நாளில், ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில், எனக்கு வாட்ஸ்அப் அனுப்பியிருந்தீர்கள். "மேடம், செல் பயாலஜி பிராக்டிகலுக்கு வித்தியாசமான உயிரி ஏதாவது சொல்லுங்களேன்." கூடவே ஒரு பட்டியல் வேறு. தட்டைப்புழு, நீர்க்கரடி, சளிப்பூஞ்சை, பேர் வாயில் நுழையாத ஒரு கடல்பிராணி. படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கொஞ்சம் எரிச்சலும் வந்தது. ஜவுளிக்கடையில் புதுசா என்ன இறங்கியிருக்கு என்று கேட்கிற மாதிரி அல்லவா கேட்கிறீர்கள்!

பதில் போடாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். திண்டிவனத்தில் முப்பத்தோரு வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, விழுப்புரத்து வீட்டில் வந்து உட்கார்ந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு பெயரை டைப் செய்து அனுப்பிவிட்டால் என் வேலை முடிந்தது. ஆனால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நீங்கள் என்னென்ன கூத்தடிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். எல்லாம் நான் அடித்த கூத்துதான். அதனால் நிதானமாக எழுதுகிறேன், நீங்களும் நிதானமாகப் படியுங்கள்.

முதலில் உங்கள் நீர்க்கரடி. பாசிக்குள் குடியிருக்கும், எட்டுக் கால், கண்ணுக்குத் தெரியாத அளவு. எனக்கும் ஒரு காலத்தில் அந்த ஆசை வந்தது. கல்லூரிச் சுற்றுச்சுவரில் இருந்த பாசியையெல்லாம் சுரண்டி, ஒரு முழுக் காலையும் தேடி, ஒரே ஒரு கரடியைக் கண்டுபிடித்தேன். மாணவர்கள் இருபத்தெட்டுப் பேர். ரேஷன் கடை மாதிரி வரிசையில் நிற்கவைத்தேன். பதினோராவது ஆள் குனிந்தபோது விளக்குச் சூட்டில் தண்ணீர் வற்றி, கரடி சுருண்டு ஒரு தூசியாகிவிட்டது. மிச்சம் பதினேழு பேரும் என்ன செய்தார்கள் தெரியுமா? பார்க்காத கரடியை எட்டுக் காலும் நகமுமாக அழகாக வரைந்து கொடுத்தார்கள். நானும் சிவப்பு மையில் 'குட்' என்று போட்டேன். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

உறைக்கவைத்தவள் நஸ்ரின். கோட்டக்குப்பத்துப் பெண். அப்பா குவைத்தில் ஏசி மெக்கானிக். தன் தெருவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சராக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு பி.எட். வேண்டும், பி.எட்.டுக்கு டிகிரி வேண்டும். எல்லாப் பேப்பரிலும் தேறியவள், செல் பயாலஜி பிராக்டிகலில் மட்டும் தோற்றுப்போனாள்.

எப்படித் தோற்றாள் என்றால், வெங்காயத் தோல் உரித்து ஸ்லைடு போட்டுக் காட்ட வேண்டும். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே எல்லோரும் செய்கிற காரியம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவள் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்துவிட்டு, "இது என்னம்மா?" என்று கேட்டார். "நியூக்ளியஸ் தெரியுது சார்" என்றாள். அது காற்றுக் குமிழி. கறுப்பாக விளிம்பு கட்டி, உருண்டையாக, நடு லென்ஸில் உட்கார்ந்திருந்தது. "நல்லா பாரு, தெரியுதா?" என்று இரண்டாம் தடவையும் கேட்டார். "தெரியுது சார்" என்றாள். பக்கத்தில் நான் உள் தேர்வாளராக நின்றுகொண்டிருந்தேன். அவமானம் எனக்குத்தான்.

முடிவு வந்த அன்று ரெக்கார்டு நோட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

"எல்லாப் பக்கத்துலயும் குட் போட்டிருக்கீங்க மேடம்."

"படம் நல்லா இருந்தது, போட்டேன்."

"படம்லாம் கைடு பாத்து வரைஞ்சது மேடம். மூணு வருஷமா மைக்ராஸ்கோப்புல எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சதில்ல. வெளிச்சமா, வட்டமா ஒண்ணு தெரியும். அவ்ளோதான். நீங்க தெரியுதான்னு கேப்பீங்க. தெரியுதும்பேன்."

"ஏம்மா சொல்லல?"

"எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும்தான் தெரியலன்னு நெனைச்சிக்கினேன்."

கண்ணில் கோளாறா என்று பரிசோதிக்கச் சொன்னேன். கண் நன்றாகத்தான் இருந்தது. ஃபோகஸ் திருப்பத்தான் பயம். லென்ஸ் கண்ணாடியில் இடித்தால் நான் திட்டுவேனாம். அடுத்த வாரம் இரண்டாமாண்டு வகுப்பில், திட்டமாட்டேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு, யாருக்கெல்லாம் நிஜமாகவே தெரிகிறது என்று விசாரித்தேன். பாதிக்கு மேல் இதே கதை.

அந்த வருடத்தோடு பாடத்திட்டம் மாறுகிறது. பழைய பாடத்திட்டத்தில் எழுத நஸ்ரினுக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் போய்விட்டால் டிகிரி கையில் வராது. பி.எட். கனவும் அதோடு முடிந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் வித்தியாசமான உயிரி தேடிப் போனது புதுமை செய்யும் ஆசையில் அல்ல. 'தெரியுதா' என்ற பாழாய்ப்போன கேள்வியைக் கேட்காமல் பாடம் நடத்த எனக்கு ஒரு உயிரி வேண்டியிருந்தது. அது பெரிய செல்லாக இருக்க வேண்டும், பயந்தாங்கொள்ளிகூடக் கண்டுபிடிக்கும்படியாக. கைடில் அதன் படம் இருக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது அசைய வேண்டும். தெரியுதா என்று கேட்டால் யாரும் தலையாட்டலாம். எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று கேட்டால் தலையாட்டித் தப்பிக்க முடியாது. பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். 'உயிருள்ள தாவரச் செல்லைக் காட்டுக' என்றுதான் இருந்தது. வெங்காயம் என்று ஓர் இடத்திலும் இல்லை. முப்பது வருடமாக நாங்களாகத்தான் வெங்காயத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறோம்.

கிடைத்தது கேரா. தெளிந்த நீருக்கடியில் வளரும் பாசி. கணுக் கணுவாக இருக்கும். ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் நடுவில் இருப்பது முழுக்க ஒரே ஒரு செல். என் சுண்டுவிரல் நுனி நீளத்துக்கு ஒரு செல்! வெறும் கண்ணுக்கே தெரியும். அதற்குள் பச்சைமணிகள் சுவரோரமாக வரிசை கட்டி அசையாமல் நிற்கும். உள்ளே இருக்கிற கூழ் மட்டும் ஒரு பக்கமாக மேலே போய், மறுபக்கமாகக் கீழே இறங்கும், நம் திண்டிவனம் பைபாஸ் ரோடு மாதிரி. தரைக்கு ஏறிய செடிகளுக்கு நெருங்கிய சொந்தம் என்று வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடங்கள் இதைப் புதிதாகத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருக்கின்றன. அதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். இரும்பை என்கிற ஊர்ப் பக்கத்தில் ஒரு குட்டையில் இருப்பதாக யாரோ சொல்ல, இரண்டு பஸ் மாறிப் போய் அள்ளிக்கொண்டு வந்தேன். மூன்று பிளாஸ்டிக் தொட்டிகளில் போட்டு ஆய்வகத்தின் கிழக்கு ஜன்னலோரம் வைத்தேன்.

அரியர் மாணவி என்றாலும் நஸ்ரினை வரச் சொல்லியிருந்தேன். முதல் நாள் ஃபோகஸ் குமிழை அவளையே திருப்பச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். திடீரென்று ஒரு கூச்சல்.

"மேடம்! போவுது மேடம்! உள்ள போவுது!"

"எந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம்... இருங்க இருங்க, இதுல தலைகீழாத்தான தெரியும்? அப்ப இந்தப் பக்கம்!"

நான் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன்.

கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கலாம். நான்தான் கெடுத்தேன்.

ஆயுதபூஜை வந்தது. தேர்வுக்குப் பதினைந்து நாள் இருந்தது. நம் ஊர் ஆய்வகங்களில் ஆயுதபூஜை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வருடத்தில் ஒரே ஒருநாள்தான் எல்லா மேசைக்கும் அடியில் விளக்குமாறு போகும். ஆய்வக உதவியாளர் ஏழுமலையைக் கூப்பிட்டு, "லேப் பளபளன்னு இருக்கணும், ஒரு பாசி பூஞ்சை கண்ணுல படக்கூடாது" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். பூஜை நேரத்துக்கு வந்து பார்த்தால் கண் கூசியது. மைக்ராஸ்கோப்புகள் எல்லாம் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழம் பூ, சந்தனம், குங்குமம். வாழையிலையில் பொரி, சுண்டல், பழம். மனசு நிறைந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். கிழக்கு ஜன்னலோரம் என் மூன்று தொட்டிகளும் சுத்தமாகக் கழுவி, கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கவிழ்ந்த ஒவ்வொரு தொட்டியின் மீதும் சந்தனம் இட்டு, நடுவில் குங்குமப் பொட்டு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போதே, மாணவர்கள் அத்தனை பேர் முன்னாலும் ஏழுமலையைப் பிடித்துக் கத்தினேன். "யாரைக் கேட்டுக் கொட்டினீங்க? அறிவு வேணாமா?" என்றெல்லாம் கேட்டேன். அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒரு நாள்கூட நான் அப்படிப் பேசியதில்லை.

அவர் கையிலிருந்த தாம்பாளத்தைக் கீழே வைத்தார்.

"இன்னா மேடம், நீங்கதான சொன்னீங்க, ஒரு பாசி இருக்கக்கூடாதுன்னு. காலைல ஆறு மணிலேர்ந்து பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சிக்கினு இருக்கேன். பதினெட்டு வருஷமா இந்த லேப்புல இருக்கேன். இந்தத் தொட்டியில இன்னா இருக்குது, எதுக்கு இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தொடுவேனா? தண்ணி ஊத்துங்க ஏழுமலைன்னீங்க, ஊத்தினேன். கழுவுங்கன்னீங்க, கழுவினேன்."

யாரும் சுண்டலைத் தொடவில்லை. நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. வகுப்பு முழுவதற்கும் அந்தச் செல்லைக் காட்டினேன். கல்லூரி முதல்வரைக் கூட்டிவந்து காட்டினேன். தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மனிதருக்கு ஒரு தடவை குனிந்து பாருங்கள் என்று சொல்லவில்லை. பதினைந்து நிமிடம் கழித்து வெளியே வந்து, எல்லோர் முன்னாலும் கத்தியதால் எல்லோர் முன்னாலும், "தப்பு என்னுதுதான் ஏழுமலை, மன்னிச்சுடுங்க" என்றேன். அவருக்கு ஒரே கூச்சமாகிவிட்டது. "ஐய, விடுங்க மேடம்" என்று பொரியை எடுத்து எல்லோருக்கும் கொடுக்க ஆரம்பித்தார்.

பொரி கொடுத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார், "அது எங்க மேடம் கெடைக்கும்?"

இரும்பைக் குட்டையில் மழை பெய்து கலங்கிக் கிடக்கிறது, இனி அங்கே தேறாது என்றேன். எப்படி இருக்கும் என்று விவரித்தேன். பச்சையாக, கணு கணுவாக, கையில் எடுத்தால் பூண்டு வாடை அடிக்கும்.

ஏழுமலை தட்டோடு நின்றுவிட்டார். "பூண்டு நாத்தம் அடிக்குமே, நடவு நட்ட வயல்ல தரையெல்லாம் பாய் விரிச்சாப்புல வருமே, அதுவா? அதுக்கா மேடம் இவ்ளோ பேஜாரு?"

மறுநாள் விஜயதசமி, விடுமுறை. திருவெண்ணெய்நல்லூருக்கு அந்தப் பக்கம் ஏழுமலையின் கிராமம். விழுப்புரத்தில் நான் பஸ் ஏறினேன், நிறுத்தத்தில் அவர் டிவிஎஸ் வண்டியோடு காத்திருந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிக் குனிந்தால், நெல் நாற்றுகளுக்கு நடுவே, தெளிந்த நீருக்கடியில், கண்ணுக்கெட்டிய மட்டும் கேரா. அதுவும் இரும்பைக் குட்டையில் கிடைத்ததைவிட இளசாக, கண்ணாடி மாதிரி. வரப்பில் நின்றிருந்த ஏழுமலையின் மனைவி சிரிப்பை அடக்கமாட்டாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இதுக்கா மேடம் பஸ் ஏறி வந்தீங்க? நெல்லுக்கு உண்டான சத்தெல்லாம் உறிஞ்சிக்கினு கெடக்குதுன்னு நாங்க வாரி வாரி வரப்புல எறிஞ்சிக்கினு இருக்கோம். எவ்ளோ வேணுமோ அள்ளிக்கினு போங்க, புண்ணியமாப் போவும்."

வேகவைத்த மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, அதையும் கட்டிக் கொடுத்தார். ஒரு பிளாஸ்டிக் குடம் நிறைய வயல் தண்ணீரும் பாசியுமாக பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், மீனா?" என்றதற்கு ஏழுமலை கம்பீரமாக, "காலேஜ் பரீட்சைக்குப் போவுது" என்றார். கண்டக்டர் மரியாதையாகக் குடத்துக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

அன்று மாலையே ஆய்வகத்தைத் திறந்து, முதல் ஸ்லைடைப் போட்டு, ஏழுமலையை உட்காரவைத்தேன். குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. "எங்க வயல்லயா மேடம் இது?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு அந்தத் தொட்டிகளுக்கு நான் காவல் இருக்கவேண்டிய அவசியமே வரவில்லை. அவரே ஒரு அட்டையில் 'உயிர் இருக்குது, தொடாதே' என்று எழுதி ஒட்டிவிட்டார்.

ஆனால் இடம் மாறிய கேரா சுணங்கியது. மூன்று நாளில் பாதி அழுகியது. மிச்சத்திலும் ஓட்டம் சில செல்லில் இருக்கும், சில செல்லில் இருக்காது. முதல்வர் கூப்பிட்டனுப்பினார். "வெங்காயம் நம்மள எப்பவும் கைவிட்டதில்லையே மேடம். எதுக்கு ரிஸ்க்?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வெங்காயம் என்றால் எங்களுக்கு ஒரு பழைய வசதியும் உண்டு. வெளியில் சொல்லக்கூடாது, ஆனால் உங்களிடம் மறைப்பானேன். பின்மேசையில் நல்ல ஸ்லைடு ஒன்று தயாராக இருக்கும். யாருடையதாவது சொதப்பினால், தேர்வாளர் அந்தப் பக்கம் திரும்பும்போது ஏழுமலை மாற்றி வைத்துவிடுவார். எத்தனையோ பிள்ளைகள் அப்படித் தேறியிருக்கிறார்கள். நஸ்ரினுக்குப் போன தடவை அது வாய்க்கவில்லை. தேர்வாளர் திரும்பவே இல்லை.

எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். மற்ற மாணவர்கள் ஒரு மார்க் குறைந்தாலும் பிழைத்துக்கொள்வார்கள். இந்தப் பெண்ணுக்கு இனி வாய்ப்பு கிடையாது. கடைசியில் அவளையே கேட்டேன். "வெங்காயமா, கேராவா? நீ சொல்றதுதான்."

அவள் யோசிக்கவே இல்லை. "வெங்காயம் வேணாம் மேடம். வெங்காயம்னா என் கை தானா கைடுல இருக்குற படத்த வரைஞ்சுடும். நான் பாக்கவே மாட்டேன். இதுக்குத்தான் கைடுல படம் இல்லையே. பாத்துத்தான ஆவணும்."

மிச்சமிருந்த நாட்களில் கோட்டக்குப்பத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தாள். எந்தத் தொட்டியில் எந்தத் துண்டு நல்லது என்பதில் ஏழுமலைக்கும் அவளுக்கும் போட்டியே நடந்தது. ஒரு நாள் ஊசி பட்டு ஒரு செல்லில் ஓட்டம் சட்டென்று நின்றுபோனது. செத்துவிட்டது என்று எறியப் போனாள். ஏழுமலை, "இரும்மா, ஏன் ஜல்தி ஜல்தின்னு பறக்கறே?" என்றார். அப்படியே வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஊர்ந்து, பிறகு ஓட ஆரம்பித்தது. அதிர்ச்சி பட்டால் இந்தச் செல் கொஞ்ச நேரம் நின்றுபோகும், நானும் புத்தகத்தில் படித்திருக்கிறேன். படித்ததைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். நஸ்ரின் அதற்கப்புறம் வேண்டுமென்றே தட்டித் தட்டி, எத்தனை நிமிடத்தில் ஓடுகிறது என்று நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டாள்.

தேர்வு நாள். அந்தத் தடவை வந்த வெளித் தேர்வாளர் சிரிக்கவே மாட்டேன் என்று வேண்டிக்கொண்டு வந்தவர் போல இருந்தார். தொட்டியைப் பார்த்ததும், "இது என்ன மேடம், வெங்காயம் இல்லையா?" என்றார். பாடத்திட்டத்தைக் காட்டினேன். "ம்" என்றார். அந்த ஒரு 'ம்'மில் எனக்கு வியர்த்துவிட்டது.

ஏழெட்டுப் பேர் முடித்த பிறகு நஸ்ரினின் முறை. நல்ல துண்டாகத் தேர்ந்தெடுத்து, ஸ்லைடு போட்டு, ஃபோகஸ் செய்து, "சார்" என்று கையை உயர்த்தினாள். தேர்வாளர் வந்தார். குனிவதற்கு முன், பழக்கத்தில், பெரிய குமிழைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். லென்ஸ் இறங்கிப் போய்க் கண்ணாடியில் 'டக்'கென்று இடித்தது. அவர் லென்ஸை மேலே ஏற்றி, சரிசெய்து, பார்த்தார்.

"ஒண்ணும் ஓடலையேம்மா. ஓடுதுன்னு எழுதியிருக்க?"

நான் வாயைத் திறக்கக்கூடாது. உள் தேர்வாளர் எடுத்துக்கொடுத்தால் தேர்வே செல்லாது. பின்மேசைப் பக்கம் பார்த்தேன். ஏழுமலை எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். அவர் கையில் ஒரு ஸ்லைடு இருந்தது. காலையில் அவரே போட்டு, ஓட்டத்தைப் பார்த்து வைத்தது. 'மாத்திடவா?' என்று கண்ணாலேயே கேட்டார். தேர்வாளர் பேனாவைத் தேடிச் சட்டைப்பையில் கைவிட்டு அரைத் திருப்பம் திரும்பியிருந்தார். இரண்டு நொடி போதும், ஏழுமலைக்குக் கை அவ்வளவு சுத்தம்.

வேண்டாம் என்று தலையசைத்தேன். ஏன் அசைத்தேன் என்று அந்த நிமிடம் எனக்கே தெரியாது. அசைத்த மறுநிமிடமே, ஐயோ ஒரு பெண்ணின் வாழ்க்கையில் விளையாடிவிட்டோமே என்று தோன்றியது. இப்போது யோசித்தால் தெரிகிறது. மூன்று வருடம் அவள் பார்க்காததற்கெல்லாம் குட் போட்டவள் நான். அன்றைக்கு அவள் நிஜமாகப் பார்த்துப் போட்ட ஸ்லைடை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால், அவளை நான் கடைசிவரை நம்பவே இல்லை என்று ஆகிவிடும்.

"ஓடுதா இல்லையா? நீயே பாத்துச் சொல்லு" என்றார் தேர்வாளர்.

நஸ்ரின் குனிந்தாள். குமிழை மெதுவாக முன்னும் பின்னும் திருப்பினாள். நிமிர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஓடல சார். நின்னுடுச்சு."

"நின்னுடுச்சா? அப்ப செத்துப் போச்சா?"

"இல்ல சார். லென்ஸ் கண்ணாடியில பட்டுடுச்சு, அந்த அதிர்ச்சியில நின்னுடுச்சு."

"யாரு பட வெச்சது?"

"பட்டுடுச்சு சார்" என்றாள் மறுபடியும், கீழே பார்த்துக்கொண்டு. எனக்கு அந்தப் பதற்றத்திலும் சிரிப்பு முட்டியது.

"செத்துப்போகலைன்னு எப்படிச் சொல்ற?"

"செத்திருந்தா பச்சை வரிசை கலைஞ்சிருக்கும் சார். பச்சை வெளிய கசிஞ்சிருக்கும். வரிசை அப்படியே இருக்குது, நீங்களே பாருங்க. கொஞ்ச நேரம் விட்டா மறுபடி ஓடும்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியாது சார்." நோட்டில் எழுதிவைத்ததைச் சொன்னாள், "ஒரு தடவ ரெண்டு நிமிஷம் ஆச்சு. ஒரு தடவ எட்டு நிமிஷம் ஆச்சு. ஒரு தடவ ஓடவே இல்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் விட்டிருப்பேன். தேர்வாளர் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு, மேசையில் இடிக்காமல் ஜாக்கிரதையாக உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சரி, பாப்போம்" என்றார்.

மூன்று நிமிடம் போனது. ஒன்றும் இல்லை. நஸ்ரின் கண்ணை எடுக்கவே இல்லை. நான்கு நிமிடம். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். பின்னால் ஏழுமலை அந்த ஸ்லைடைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆறாவது நிமிடம் நஸ்ரினின் தோள் லேசாக அசைந்தது.

"சார். கீழ ஓரத்துல. ஒரே ஒரு பொட்டு நகருது சார்."

அவர் குனிந்தார். "எங்க?" என்றார். "மேல போவுதா, கீழ வருதா?" என்றார். அவள் சொன்னாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அட, ஆமா" என்றார். அந்தக் குரல் தேர்வாளர் குரலே இல்லை.

மதிப்பெண் தாளில் அவர் எழுதி என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போடும்போது பார்த்தேன். தேறிவிட்டாள், அதுவும் நன்றாகவே தேறிவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தாளைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

ஆகவே, அருமைப் பிள்ளைகளே, உங்கள் பட்டியலிலிருந்து எதை வேண்டுமானாலும் எடுங்கள். பிள்ளைகள் பொய் சொல்ல முடியாத உயிரியாக எடுங்கள். எடுத்ததும் முதல் வேலையாக, அதற்குத் தண்ணீர் ஊற்றப்போகிறவரை உட்காரவைத்துக் காட்டுங்கள். மற்றதை நீங்களே சொதப்பிக் கற்றுக்கொள்வீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்றைக்கு அடுத்த பதிவெண்ணைக் கூப்பிட்டாகிவிட்டது. அடுத்த பையன் ஸ்லைடும் கையுமாக வந்து நிற்கிறான். நஸ்ரின் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை, இன்னும் குனிந்தே இருக்கிறாள். "முடிஞ்சுதும்மா, மார்க் போட்டாச்சு, நீ போலாம்" என்றார் தேர்வாளர்.

அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "இருங்க சார்" என்றாள். "இப்பதான் நல்லா ஓடுது."